நாற்பத்தோராவது நொசில்

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. நீ மேல் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் கீழே குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். பெட்டியின் நிறை பார்க்கக் குளியலறைத் தராசை நீ இழுக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. தராசு காட்டுவதை நம்பாதே. அம்மா ஒரு மிளகாய்த்தூள் பொதியை உன் சப்பாத்துக்குள் திணித்ததை நான் கண்ணால் கண்டேன். இந்தக் கடிதத்தை உன் கைப்பையில் வைக்கப்போகிறேன். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதன் பலனாக எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவாய். பொஸ்டன் போய்ச்சேர ஏழு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், அதனால் அவசரம் இல்லை. உறையை ஒட்டப்போவதில்லை. அம்மா எப்படியும் வாசிப்பாள். வேறு யார் வாசித்தாலும் எனக்குக் கவலை இல்லை, பதினொரு வருடம் ஒளித்தது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ சொன்ன கதைதான் என்னை எழுத வைத்தது. புதுக் கம்பனிக்காரர் நேர்முகத் தேர்வில், நீ எழுதி உண்மையிலேயே ஒருவருக்குப் பயன்பட்ட முதல் புரோகிராம் எது என்று கேட்டார்களாம். நீ, அச்சு மெஷினில் பழுதான நொசிலுக்குப் பதிலாகப் பக்கத்து நொசிலை வேலை செய்ய வைக்கிற அந்தப் புரோகிராமைப் பற்றிச் சொன்னாயாம். அவர்களும் எங்கள் ஆய்வுகூடத்தைப்போலக் கண்ணாடியில் டிஎன்ஏ இழைகளை அச்சடிக்கிறவர்கள் என்பதால் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்களாம். திங்கட்கிழமை, முதல் நாளே, அதை எல்லோருக்கும் விளக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "அப்பா, உங்கடை பழைய வித்தை அமெரிக்காவுக்குப் போகுது" என்று சிரித்தாய். எனக்குப் புரையேறியது. அம்மா எழும்பி வந்து தலையில் தட்டினாள். நீ குழம்பு உறைப்பு என்று நினைத்துத் தண்ணீரை நகர்த்தி வைத்தாய். உறைப்பு இல்லை. அந்தப் புரோகிராம் வேலை செய்யவில்லை, தம்பி. அது எங்கள் வேலையைக் கெடுத்தது. திங்கட்கிழமை நீ பத்துப் பேர் முன்னால் எழும்பி நிற்பதற்கு முன் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வேலைக்கு நான் எப்படிப் போனேன் என்பதிலிருந்து சொல்கிறேன், உனக்குப் பாதிதான் தெரியும். இங்கே லண்டனில், அல்பேர்ட்டனில் லேபல் அச்சடிக்கிற கடையில் பதினாலு வருடம் நின்றேன். அரிசிப் பை, சேலைக்கடைப் பை, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக் கார்ட், எல்லாம் என் கையால் போயிருக்கின்றன. மை பீய்ச்சுகிற பெட்டியை நாங்கள் ஹெட் என்போம். அதன் அடியில் வரிசையாக இருக்கிற மயிரிழைத் துளைகள்தான் நொசில்கள். எந்த ஹெட் சோர்ந்துபோயிருக்கிறது என்று அது போடுகிற சத்தத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன். ஒரு நாள் அந்த ஹெட்களை விற்கிற ஆள் ஃபோன் பண்ணி, மேற்கு லண்டனில் ஒரு சின்ன ஆய்வுகூடம் தன்னிடம் இதே ஹெட் வாங்கியிருப்பதாகவும், அங்கே இருக்கிற கலாநிதிகள் ஒருவருக்கும் அடைப்பு எடுக்கத் தெரியவில்லை என்றும் சொன்னான். போய் நின்றேன். மனேஜர் முதலில் கேட்டது, கெமிஸ்ட்ரி தெரியுமா என்று. உயர்தரப் பரீட்சையில் கரையேறியது மட்டும்தான் என்றேன். "நல்லது, கேள்வி கேட்பீர்கள்" என்றார். அந்த மனிதர் கேள்வி கேட்கிற ஆளைத்தான் தேடினார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கேள்விக்கு என்னிடம் குறைவே இருக்கவில்லை. கடையில் நாலு நிற மை. இங்கேயும் நாலுதான், ஆனால் நாலுக்கும் நிறம் இல்லை. ஏ, சி, ஜி, டி என்று போத்தலில் எழுதியிருக்கும், ஊற்றிப் பார்த்தால் நாலும் தண்ணீர் மாதிரி. ஆனால் தண்ணீர்தான் அவற்றின் சத்துரு. ஒரு துளி ஈரம் பட்டாலும் எழுத்து ஒட்டாது. அதனால் மெஷினை ஒரு பெட்டிக்குள் மூடி, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி வைத்திருப்பார்கள். குடை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத லண்டனில் ஈரத்துக்குப் பயந்த மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களே என்று நான் முதல் நாள் சிரித்தேன். பெட்டிக்குள் ஒரு கண்ணாடித் தகடு. பள்ளிக்கூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பீர்களே, அதே அளவு. அதில் ஆயிரக்கணக்கான புள்ளிகள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு விதமான இழை வளர வேண்டும். பக்கத்துப் புள்ளியில் வேறு விதம்.

கடையில் ஒரு படத்தை ஒரு தடவை அச்சடித்தால் வேலை முடிந்தது. இங்கே ஒரே புள்ளியில் நூற்றைம்பது தடவைக்கு மேல் அச்சடிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தலையில் ஒரு தொப்பியோடு வரும். தொப்பி இருக்கும்வரை அதன்மேல் அடுத்தது ஒட்டாது. அதனால் ஒரு தடவைக்கு ஒன்றுதான் ஏறும். பிறகு மிஞ்சியதைக் கழுவி, அமிலம் விட்டுத் தொப்பியைக் கழற்றி, அடுத்த எழுத்து. கடைசியில் இழைகளைக் கண்ணாடியிலிருந்து கழற்றி எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்ப்பார்கள். முதல் குழாயை என் கையில் தந்தபோது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. "இதுக்குள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற கிரேஸ், "பன்னிரண்டாயிரம் விதமான இழை. யாரோ ஓர் ஆராய்ச்சிக்காரர் எது எதோடு ஒட்டும் என்று ஒரேயடியாகப் பார்க்கப்போகிறார்" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து உனக்கும் அம்மாவுக்கும் இரண்டு மணித்தியாலம் இதையே கதைத்தேன். அம்மா நடுவில் எழும்பிப் போய் உடுப்புக் காயப்போட்டுவிட்டு வந்தாள்.

கிரேஸை உனக்குத் தெரியாது. கானாவிலிருந்து வந்தவள், என்னைவிட ஆறு ஏழு வயது இளமை. ஒவ்வொரு காலையிலும் ஹெட்களை எடுத்து ஒவ்வொரு நொசிலாகக் கழுவிச் சுத்தம் செய்வது அவள் வேலை. தேவாலயப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தபடி கழுவுவாள். பாட்டு முடிந்தால்தான் நொசிலும் முடியும். எனக்கு அங்கே முதலில் வேலை பழக்கியவள் அவள்தான். கையுறை எப்படிக் கழற்றுவது, போத்தலை எப்படித் திறப்பது, எந்தக் கலாநிதியிடம் காலையில் பேசக்கூடாது, எல்லாம் அவள் சொல்லித் தந்தது. புது இடத்தில் உனக்கு ஒரு புத்தி சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்: கழுவுகிற ஆள் யார் என்று முதல் நாளே கண்டுபிடித்து வணக்கம் சொல்லு.

நான் அங்கே சேர்ந்து நாலாவது மாதம், ஏ எழுத்துப் பீய்ச்சுகிற ஹெட்டில் நாற்பத்தோராவது நொசில் செத்தது. அடைப்பு இல்லை, உள்ளே மின்கம்பி எரிந்துபோயிற்று. புது ஹெட் வர மூன்று கிழமை ஆகும், ஓடர்களோ குவிந்து கிடந்தன. அந்த நாட்களில் நீ இருந்த கோலம் உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. பட்டம் முடித்து எட்டு மாதம். விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்து, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தே கிடந்தாய். சாப்பாட்டைத் தட்டில் போட்டு வாசலில் வைத்துவிட்டு வருவோம். தாடி கழுத்துவரை வந்துவிட்டது. நான் நொசில் கதையை அம்மாவிடம் புலம்பியபோது அவள்தான், "இஞ்சாருங்கோ, அவனும் கொம்பியூட்டர்தானே படிச்சவன். அவனிட்டைக் கேட்டால் என்ன? உங்கடை மெஷின் திருந்தாட்டிலும் பரவாயில்லை, அவன் எழும்பி வந்தால் காணும்" என்றாள்.

அச்சுக் கடையில் இதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. ஒரு நொசில் செத்தால், பக்கத்து நொசிலை இரண்டு மடங்கு துளி விட வைப்போம். துளி பெருத்து, பக்கத்துக் கோட்டிலும் பரவி, வெள்ளையாகத் தெரிந்திருக்கக்கூடிய கோடு மறைந்துவிடும். சேலைக்கடைப் பையை யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்போகிறார்கள்? அதையே இங்கேயும் செய்யலாம் என்று நான் நினைத்தேன். நாற்பத்தொன்றுக்கு எழுத்து வேண்டிய நேரத்திலெல்லாம் நாற்பத்திரண்டு பெரிய துளியாக விடட்டும், மிஞ்சிப்போனதை வழக்கம்போலக் கழுவிவிடலாம். உன் கட்டிலில் இருந்து கடதாசியில் கீறிக் காட்டினேன். நீ எழும்பி உட்கார்ந்தாய். இரண்டு நாள் உன் அறைக்குள் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் மெஷினில் போட்டோம். துளி விழுவதைப் படம் பிடிக்கிற கமெராவில் ஓர் இடைவெளிகூட இல்லை. மனேஜர் என் தோளில் தட்டினார். இனிப் புது ஹெட்டுக்கு என்ன அவசரம் என்று அந்த ஓடரையே நிறுத்திவிட்டார். நான் அதை வந்து சொன்ன அன்று பின்னேரம் நீ தாடியை வழித்தாய். அம்மா ரோல்ஸ் பொரித்தாள், நீ ஏழு சாப்பிட்டாய், நான் எண்ணினேன். அடுத்த கிழமை ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனாய். வேலை கிடைத்தது, கழுத்தில் கம்பனி அட்டையோடு வந்தாய். அந்த அட்டையைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டாய்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து முறைப்பாடு வந்தது. நாங்கள் அனுப்பிய குழாயில் நூற்றுக்கணக்கான இழைகள் பிழை என்று ஓர் ஆராய்ச்சி மாணவி பட்டியல் போட்டு அனுப்பியிருந்தாள். எங்கள் கலாநிதிகள் பட்டியலைப் பார்த்தார்கள், அதில் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை, ஏனென்றால் இழைகளைக் கண்ணாடியில் குலுக்கிப் போட்டமாதிரித்தான் வைப்பார்கள். எனக்கு மண்டை குடைந்தது. பட்டியலையும், எந்த இழை எந்த இடத்தில் நின்றது என்கிற வரைபடத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை மத்தியானம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், நீ நண்பர்களோடு வெம்பிளிக்குப் போயிருந்தாய். இதே மேசையில் கட்டம் போட்ட கடதாசியை விரித்து, பிழையான ஒவ்வொன்றையும் சிவப்பு மார்க்கரால் நிரப்பினேன். முதல் இருபது சிதறித்தான் கிடந்தன. ஐம்பதைத் தாண்டியபோது எனக்கு ஒரு சந்தோஷம், ஏதோ உருவாகிறதே என்று. நூறைத் தாண்டியபோது கடதாசியின் நடுவில் நேராக இரண்டு கோடுகள் நின்றன. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். எண்ணிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. ஆனாலும் விரலை வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

கடதாசியில் மை பரவினால் கண் ஏமாந்துவிடும், அவ்வளவுதான். இங்கே ஏமாற ஒரு கண்ணும் இல்லை. எழுத்து வந்து பட்ட சில நொடிக்குள் ஒட்டிக்கொண்டுவிடும், ஒட்டியது எந்தக் கழுவலிலும் போகாது. மிஞ்சியது மட்டும்தான் கழுவலில் போகும் என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை, எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். நாற்பத்தோராவது வரிசைக்குத் துளியின் ஓரம்தான் எட்டியது, அதனால் அதன் இழைகளில் முக்கால்வாசிக்கு எழுத்து விடுபட்டுப்போயிற்று. நாற்பத்திரண்டாவது வரிசையோ, கேட்காத எழுத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது. கமெரா துளியைத்தான் காட்டும், இழையைக் காட்டாது. அழகாகத் தெரிகிறது என்பதற்காக ஒன்றை நம்புகிற பழக்கத்தை அந்த மேசையில்தான் விட்டேன். ஆனால் நேர்மையை அங்கே கற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே, அது அன்று வரவில்லை.

திங்கட்கிழமை மனேஜர், என்ன நடந்தது என்று கேட்டார். நான், "நாற்பத்திரண்டும் அடைபட்டுவிட்டது. ஹெட்டே பழுது" என்றேன். ஒரு வசனம்தான். உன் புரோகிராமை அன்றே மெஷினிலிருந்து அழித்தேன். புது ஹெட் வந்தது, அந்த இரண்டு மாத ஓடர்களையெல்லாம் திரும்பச் செய்து கொடுத்தோம், மாணவிக்கும் நல்ல குழாய் போய்ச் சேர்ந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நொசில் அடைபட்டால் கழுவியது சரியில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். வசனத்தைச் சொல்லும்போதே தெரியும். கிரேஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவளை ஹெட்களைத் தொடவிடாமல் பொதி கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். "எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை" என்று என்னிடம் வந்து சொன்னாள். நான் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். தம்பி, என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அந்தத் தேநீர்தான். ஆறு மாதத்தில் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

இதையெல்லாம் உனக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் புரோகிராம்தான் பிழை என்று சொல்ல வேண்டும், அது உன் காதுக்கு வரும், நீ திரும்பவும் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவாய் என்று. அது பொய் இல்லை, அந்தப் பயம் எனக்கு இருந்தது. ஆனால் நாலு மாதம் வேலை செய்த ஓர் அச்சுக்கடைக்காரன், கழுவினால் போகுமா என்று ஒருவரிடமும் கேட்காமல் கடை வித்தையைக் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் இறக்கினான் என்று தெரிந்தால் என்னை வைத்திருப்பார்களா என்ற பயமும் இருந்தது. எந்தப் பயம் பெரியது என்று இப்போது பிரித்துப் பார்க்க முயல்கிறேன். இரண்டாவதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

ஞாயிறு நீ சொன்ன கதைக்குப் பிறகு நான் கிரேஸைத் தேடத் தொடங்கினேன். பழைய வேலையாட்களை ஒவ்வொருவராக விசாரித்து, செவ்வாய்க்கிழமை கிரேஸின் நம்பரைக் கண்டுபிடித்தேன். நேற்று குரோய்டன் போனேன். கடைசியாக அங்கே போனது எங்கள் அகதி வழக்குக்காக, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு குடிவரவு அலுவலக வரிசையில் நின்றபோது. இப்போது அந்தக் கட்டிடத்தைத் தாண்டி டிராமில் போனேன், திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு பதற்றம். கிரேஸ் ஓர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகள் கழுவுகிற பகுதியில் வேலை செய்கிறாள். வீட்டு வரவேற்பறையில் உட்கார வைத்தாள். ஆங்கிலத்தில்தான் கதைத்தோம், அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். நான் சுற்றிவளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். 

முடிந்த பிறகு, "அப்படியென்றால் நாற்பத்திரண்டு சுத்தமாகத்தான் இருந்ததா?" என்று கேட்டாள்.

"சுத்தமாகத்தான் இருந்தது."

"அடைப்பே இல்லையா?"

"இல்லை, கிரேஸ். அது நல்லாகத்தான் வேலை செய்தது. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினொரு வருடமாக நான் எல்லாவற்றையும் இரண்டு தடவை கழுவுகிறேன்" என்றாள். "ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை. வீட்டில் கோப்பையைக்கூட. என் மகள் சிரிப்பாள்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. என்னில் கோபமா என்று கேட்டேன். "இன்றைக்கு இல்லை. நாளைக்குக் கேளுங்கள்" என்றாள். வாசலில் சப்பாத்துப் போடும்போது, அந்த மனேஜரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், நானும் கிழமையில் மூன்று நாள் அங்கேதான் போகிறேன். திங்கட்கிழமை காலை போனதும் முதல் வேலை அதுதான். என்ன செய்வார்கள் என்று தெரியாது. அறுபத்து மூன்று வயதில் என்னை அனுப்பினால் அனுப்பட்டும். இன்று காலை கிரேஸுக்கு ஃபோன் பண்ணி, கோபமா என்று கேட்டேன். "ஓம், கோபம்தான்" என்கிற அர்த்தத்தில் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நாளைக்கும் கேட்பேன்.

இதை வாசிக்கும்போது நீ ஆகாயத்தில் எங்கேயோ இருப்பாய். என்னில் உனக்கும் கோபம் வந்திருக்கும். வரட்டும். உன் முதல் வெற்றியை நான் பதினொரு வருடம் கழித்துப் பிடுங்கி எடுக்கிறேன் என்று நினைப்பாய். ஆனால் நான் இன்னும் ஒன்றைச் சொல்லவில்லை. கிரேஸிடமும் சொல்லவில்லை, அது உனக்கு மட்டும் சொந்தமானது.

உன் கட்டிலில் இருந்து நான் கடதாசியில் கீறிக்கொண்டிருந்தபோது, நீ போர்வையை விலக்கிவிட்டுக் கேட்டாய்: "அப்பா, நொசிலை ஏன் பெருசா விட வேணும்? கண்ணாடியை ஒரு வரிசை தள்ளி வைச்சு இன்னொருக்கால் அடிச்சால், நாற்பத்தோராவது வரிசை நல்ல நொசிலுக்குக் கீழை வருமே?" எட்டு மாதத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. "உது கெதியிலை முடியிற அலுவல் இல்லை. மெஷின் ரெண்டு மடங்கு நேரம் ஓட வேணும். எனக்குப் பதினாலு வருச அனுபவம், நான் சொல்லுற மாதிரி எழுது" என்றேன். நீ நான் சொன்ன மாதிரியே எழுதினாய். அந்த நேரத்தில் யாரும் என்ன சொன்னாலும் கேட்கிற நிலைமையில் இருந்தாய். அதனால் உனக்கு அது மறந்துபோயிருக்கும்.

மூன்று வருடம் கழித்துப் பழைய மெஷினைக் கழற்றிவிட்டுப் புதிது கொண்டுவந்தார்கள். பூட்ட வந்த பொறியியலாளர், அதன் சிறப்பு என்ன தெரியுமா என்று எனக்குப் பெருமையோடு விளக்கினார். ஒவ்வொரு எழுத்தையும் அது இரண்டு பாதியாக அச்சடிக்கும். முதல் பாதி முடிந்ததும் கண்ணாடி ஒரு வரிசை தள்ளிப் போகும், பிறகு மற்றப் பாதி. எந்தப் புள்ளியும் ஒரே ஒரு நொசிலை நம்பி இருக்காது, ஒன்று செத்தாலும் இழை பிழையாகாது என்றார். நான் முதல் தடவை கேட்கிறவன் மாதிரித் தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து எட்டு வருடமாக, வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணாடி ஒரு வரிசை தள்ளிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டுமே.

திங்கட்கிழமை அவர்களுக்கு அந்தப் புரோகிராமைக் காட்டாதே. நீ கேட்ட கேள்வியைச் சொல்லு. சரியாகத்தான் கேட்டாய், தம்பி. அப்பாதான் கேட்கவில்லை.

அப்பா